ஒத்ததிர்வுக் குழாயில் ஒலியின் வேகம்: மதராஸ் பீரங்கி முதல் கணினி வரை

ஒரு முனை மூடிய குழாயில் உள்ள காற்றைக் குறிப்பிட்ட அதிர்வெண்ணில் அதிரச் செய்து, ஒலி உரத்துக் கேட்கும் நீளங்களை அளந்து, அதிலிருந்து காற்றில் ஒலியின் வேகத்தைக் கணக்கிட உதவும் கருவி ஒத்ததிர்வுக் குழாய். பள்ளிப் பாடநூல்களில் இதற்கு ஒத்ததிர்வுக் காற்றுத் தம்பக் கருவி என்று பெயர். மேல்நிலை வகுப்பில் இயற்பியல் படித்த எவரும் நீர் நிறைந்த நீளமான ஜாடியையும், அதற்குள் ஏறி இறங்கும் குழாயையும், ரப்பர் கட்டையில் தட்டிய இசைக்கவையையும் மறந்திருக்க மாட்டார்கள்.

இந்தக் கருவியின் வரலாற்றை எழுத உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. திண்டுக்கல் சமவெளியில் உள்ள பள்ளிகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இயற்பியல் நடத்தியவன் நான். எங்கள் ஊரில் இந்தச் சோதனையை ஒழுங்காகச் செய்தால் விடை வினாடிக்கு 350 மீட்டரை ஒட்டி வரும். ஆனால் மாணவர்களின் ரெக்கார்டு நோட்டுகளில் ஆண்டுதோறும் 340 என்றே இருக்கும். குழாய் ஒன்று சொல்ல, நோட்டு இன்னொன்று சொல்லும். இந்தப் பத்து மீட்டர் எங்கே போனது என்று தேடினால், கதை நியூட்டன் காலம் வரை போகிறது. நடுவில் நம் சென்னைப் பட்டணத்திலும் கொஞ்ச நேரம் நிற்கிறது.

குழாய்க்கு முன்

ஒலியின் வேகத்தைக் கோட்பாட்டு வழியில் முதலில் கணக்கிட்டவர் ஐசக் நியூட்டன். 1687-இல் வெளிவந்த பிரின்சிப்பியா நூலில் காற்றின் அழுத்தத்தையும் அடர்த்தியையும் வைத்து அதற்கு ஒரு வழி சொன்னார். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியின் நீண்ட தாழ்வாரத்தில் எதிரொலி திரும்பி வரும் நேரத்தை ஊசல் கொண்டு அளந்தும் பார்த்தார். தாழ்வாரம் 200 அடிக்குச் சற்று அதிகம். கைகளைத் தட்டிவிட்டு அரை வினாடிக்கும் குறைவான நேரத்தை ஊசலோடு ஒப்பிடுவது எவ்வளவு கடினம் என்பது ஆய்வகத்தில் ஊசல் சோதனை செய்தவர்களுக்குத் தெரியும்.

பின்னர் எசெக்ஸ் பகுதியில் அப்மின்ஸ்டர் ஊர்த் தேவாலயத்தின் பாதிரியார் வில்லியம் டெர்ஹாம், தொலைவில் வெடிக்கும் துப்பாக்கியின் ஒளியைக் கோபுரத்திலிருந்து தொலைநோக்கியில் பார்த்து, ஓசை வந்து சேரும் வரை நேரம் எண்ணினார். வினாடிக்கு 1142 அடி என்று அவர் கண்டது கிட்டத்தட்ட சரியான எண். நியூட்டனின் கணக்கோ 979 அடிதான் தந்தது. ஏழில் ஒரு பங்கு குறைவு. 1713-இல் பிரின்சிப்பியாவின் இரண்டாம் பதிப்பு வந்தபோது நியூட்டன் இந்த இடைவெளியை அடைத்துவிட்டார். எப்படி? காற்றிலுள்ள திடத் துகள்களின் தடிமனுக்கு இவ்வளவு, நீராவிக்கு இவ்வளவு என்று இரண்டு திருத்தங்களைச் சேர்த்தார். கூட்டிப் பார்த்தால் மிகச் சரியாக 1142 வந்து நின்றது. விடையை முன்னால் வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்குப் போட்டிருக்கிறார் என்பது பிற்கால அறிவியல் வரலாற்றாசிரியர்களின் முடிவு. எங்கள் பிள்ளைகள் 340-ஐ வரவழைத்ததைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நியூட்டன் நினைவுக்கு வருவார். அவர்களைக் கடுமையாகத் திட்டவும் மனம் வராது.

உண்மையான காரணத்தை லாப்லாஸ் சொன்னார். ஒலி செல்லும்போது காற்று அமுங்கும் இடத்தில் சூடாகிறது, விரியும் இடத்தில் குளிர்கிறது. அந்தச் சூடு பரவுவதற்கு நேரம் இல்லை. இதைக் கணக்கில் எடுத்தால் நியூட்டனின் விடையை ஏறத்தாழ 1.18 ஆல் பெருக்க வேண்டும். 1816-இல் அவர் இதை வெளியிட்ட பிறகு, கோட்பாட்டைச் சோதிக்க நல்ல அளவீடுகள் பல ஊர்களிலிருந்து தேவைப்பட்டன. வெயில் ஊர்களிலிருந்து வரும் அளவீடுகளுக்குத் தனி மதிப்பு இருந்தது. ஒலியின் வேகம் வெப்பநிலையோடு ஏறும் என்று கோட்பாடு சொல்கிறது. லண்டனிலும் பாரிசிலும் இருந்துகொண்டு அதை எவ்வளவு தூரம் சோதிக்க முடியும்?

நுங்கம்பாக்கத்தில் கேட்ட பீரங்கி

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி கட்டிய வானாய்வகம் இருந்தது. அதன் தலைவராக இருந்தவர் ஜான் கோல்டிங்ஹாம். இந்தப் பெயர் நமக்குப் புதிதாகத் தோன்றலாம். ஆனால் அவர் கட்டிய கட்டடம் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும். எம்.ஜி.ஆர். உடலும் கலைஞர் உடலும் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்ட ராஜாஜி மண்டபம்தான் அது. 1802-இல் விருந்து மண்டபமாகக் கட்டப்பட்டது.

வானாய்வகத்துக்குக் கிழக்கே செயின்ட் ஜார்ஜ் கோட்டை, தென்மேற்கே பரங்கிமலை. இரண்டு இடங்களிலும் படை இருந்தது. காலையிலும் மாலையிலும் பீரங்கி வெடிக்கும் வழக்கமும் இருந்தது. கோல்டிங்ஹாம் இதைப் பயன்படுத்திக்கொண்டார். பீரங்கியின் ஒளி தெரிந்த கணத்திலிருந்து ஓசை காதில் விழும் வரை காலத்தைக் குறித்தார்கள். பரங்கிமலை ஏறக்குறைய 29,500 அடி தொலைவு; ஓசை வந்து சேர 26 வினாடி அளவில் ஆகும். கோட்டை அதில் பாதிக்கும் சற்றுக் குறைவு. 12 வினாடி சொச்சம். நியூட்டனின் தாழ்வாரத்தோடு ஒப்பிட்டால் இது எவ்வளவு வசதி! 26 வினாடியில் கால் வினாடி பிசகினாலும் விடையில் நூற்றுக்கு ஒன்றுதான் பிசகும்.

ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, 1820, 1821 ஆண்டுகளில் மாதக்கணக்கில் தொடர்ந்து குறித்தார்கள். ஒவ்வொரு வெடிக்கும் வெப்பமானி, காற்றழுத்தமானி, ஈரப்பதமானி அளவுகளையும் காற்று வீசிய திசையையும் வானத்தின் நிலையையும் பக்கத்தில் எழுதினார்கள். இந்தக் கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் 1823-இல் வந்தது. அதன் சுருக்கத்தை மாதவாரியாகப் பார்த்தால், குளிர் மாதங்களில் வினாடிக்கு 1100 அடி அளவில் இருந்த வேகம் வெயில் ஏற ஏற உயர்ந்து ஜூலையில் 1160 அடியைத் தாண்டுகிறது.

இன்றைய கணக்கோடு ஒப்பிட்டால் இதில் ஒரு சிக்கல் தெரியும். சென்னையின் குளிர் மாதத்துக்கும் வெயில் மாதத்துக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு தனியாகப் பத்துப் பதினைந்து அடிக்கு மேல் மாற்றத்தைத் தராது. ஈரப்பதம் இன்னும் சில அடி தரலாம். மீதி? பரங்கிமலை தென்மேற்கில் இருக்கிறது. ஆனி ஆடியில் காற்று அந்தப் பக்கத்திலிருந்தே வீசுகிறது; மார்கழியில் வாடைக்காற்று எதிர்ப்பக்கம். காற்று ஓசையைச் சுமந்து வந்திருக்கிறது, அல்லது தடுத்திருக்கிறது என்று கொள்வதே பொருத்தம். காற்றின் பங்கு உண்டு என்பதை கோல்டிங்ஹாமும் அறிந்திருந்தார். அதற்காகத்தான் திசையையும் குறித்து வைத்தார். முழுவதையும் அவரால் பிரித்தெடுக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

எனக்கு அந்த அட்டவணையில் பிடித்தது வேறு. எண்கள் மாதத்துக்கு மாதம் மாறுவதைப் பார்த்து அவர் பயப்படவில்லை. லண்டனில் ஒப்புக்கொண்ட எண் ஒன்று இருக்கிறதே, அதற்குச் சரிப்படுத்துவோம் என்று நினைக்கவில்லை. மதராஸ் வெயிலில் என்ன வந்ததோ அதை, வெயிலின் அளவோடு சேர்த்து அச்சிட்டார்.

இந்த வானாய்வகத்தின் பணி பின்னாளில் நம் மாவட்டத்துக்கே வந்து சேர்ந்தது. 1899-இல் சூரிய ஆய்வுக்காகக் கொடைக்கானலில் ஆய்வகம் அமைந்தபோது நுங்கம்பாக்கத்தின் வானியல் பணி மலையேறியது. திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் நின்று பார்த்தால் மேற்கே தெரியும் அதே மலைத்தொடர்தான். கொடைக்கானல் இந்தக் கதையில் மீண்டும் வரும்.

காற்றை அடைத்து அளந்தவர்கள்

திறந்த வெளியில் அளந்தால் காற்று வீசும். வீசாத காற்று வேண்டுமானால் அதைக் குழாய்க்குள் அடைக்க வேண்டும். குழாயின் நீளத்துக்கும் சுருதிக்கும் உறவு உண்டு என்பது குழல் செய்தவர்களுக்கு என்றைக்கோ தெரிந்த செய்தி. சிலப்பதிகார அரங்கேற்று காதைக்கு அடியார்க்கு நல்லார் எழுதிய உரையில் குழலின் நீளமும் சுற்றளவும் துளைகளின் இடமும் விரற்கணக்கில் சொல்லப்பட்டிருக்கின்றன. ஆனால் குழலைக் கொண்டு ஒலியின் வேகத்தை அளக்கலாம் என்ற எண்ணம் வர அதிர்வெண்ணை எண்ணாகச் சொல்லத் தெரிய வேண்டும். அதற்கு இசைக்கவை வேண்டியிருந்தது. 1711-இல் ஜான் ஷோர் என்ற ஆங்கிலேய எக்காளக் கலைஞர் அதை உருவாக்கினார்.

1866-இல் ஜெர்மானியரான ஆகஸ்ட் குண்ட் ஒரு கண்ணாடிக் குழாயைக் கிடையாக வைத்து, உள்ளே நுண்ணிய லைக்கோபோடியம் தூளைப் பரப்பி, ஒரு முனையில் உலோகத் தண்டைத் தேய்த்து அதிர வைத்தார். தூள் அரை அலைநீளத்துக்கு ஒரு குவியலாக ஒதுங்கியது. கண்ணுக்குத் தெரியாத நிலையலை கண்ணுக்குத் தெரிந்தது. குவியல்களின் இடைவெளியை அளந்தால் போதும். குழாயில் காற்றுக்குப் பதில் வேறு வாயுவை நிரப்பி அதிலும் அளக்கலாம்.

பள்ளி ஆய்வகத்துக்கு வந்தது இதைவிட எளிய வடிவம்: செங்குத்துக் குழாய், அடியில் நீர், மேலே இசைக்கவை. நீர்மட்டம் இறங்க இறங்கக் காற்றுத் தம்பம் நீள்கிறது. அதன் நீளம் கால் அலைநீளத்தை ஒட்டி வரும்போது ஒலி ஓங்குகிறது. பிறகு முக்கால் அலைநீளத்தில் மறுபடியும். இதில் ஒரு தொல்லை உண்டு. அதிரும் காற்று குழாயின் விளிம்போடு நின்றுவிடுவதில்லை, கொஞ்சம் வெளியே எட்டிப் பார்க்கிறது. இதுதான் முனைத்திருத்தம். ஹெல்ம்ஹோல்ட்சும் அவருக்குப் பின் ராலே பிரபுவும் இதை ஆராய்ந்தார்கள். ராலேயின் ஒலிக் கோட்பாடு நூல் 1877, 1878 ஆண்டுகளில் இரு பகுதிகளாக வந்தது. நோயிலிருந்து தேறிவர எகிப்துக்குப் போனபோது நைல் ஆற்றுப் படகில் எழுதத் தொடங்கிய நூல் அது. சட்டமில்லாத குழாய் முனைக்கு ஆரத்தில் 0.6 பங்கு சேர்க்க வேண்டும் என்பது இன்றைய நடைமுறை. பாடநூலில் விட்டத்தில் 0.3 என்று இருப்பதும் இதுவே. இரண்டு ஒத்ததிர்வு நீளங்களைக் கழித்துவிட்டால் இந்தத் திருத்தம் தானே அடிபட்டுப் போகும். ஆகவே பள்ளிச் சூத்திரம் மிக எளிது: வேகம் = 2 × அதிர்வெண் × (இரண்டாம் நீளம் − முதல் நீளம்).

பதினொரு மில்லிமீட்டர்

ஆய்வகத்தில் இசைக்கவைகள் மரப்பெட்டியில் வரிசையாக இருக்கும். 256, 288, 320, 384, 480, 512 என்று தண்டில் பொறித்திருக்கும். நான் பெரும்பாலும் 512-ஐக் கொடுப்பேன். இரண்டாம் ஒத்ததிர்வும் குழாயின் நீளத்துக்குள் வந்துவிடும் என்பதால். 3 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயில், அறை வெப்பநிலை 34 டிகிரி இருக்கும் திண்டுக்கல் பிற்பகலில், முதல் ஒத்ததிர்வு 16.2 சென்டிமீட்டர் பக்கம் வரும், இரண்டாவது 50.5 பக்கம். கழித்தால் 34.3. வேகம் வினாடிக்கு 351 மீட்டர். வெப்பநிலையை வைத்துக் கணக்கிட்டாலும் அதேதான்: பூச்சியம் டிகிரியில் 331, ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.6 கூட்டினால் 351. நல்ல சோதனை, நல்ல விடை.

விடை 340 வரவேண்டுமானால் வேறுபாடு 33.2 ஆக இருக்க வேண்டும். அதாவது இரண்டாம் அளவை 50.5 என்பதற்குப் பதில் 49.4 என்று எழுதினால் போதும். பதினொரு மில்லிமீட்டர். காதுக்கு இது தெளிவாகவே தெரியும் வேறுபாடு, 49.4-இல் குழாயை நிறுத்தினால் ஒலி மங்கிக் கிடக்கும். ஆனால் நோட்டில் எழுதும் பேனாவுக்குக் காது கிடையாதே.

பணிக்கு வந்த புதிதில் ஒரு மாணவன் 351 என்று எழுதி, கீழே வெப்பநிலையையும் குறித்திருந்தான். நான் கையெழுத்துப் போட்டேன். ஆண்டாய்வுக்கு வந்த அலுவலர் ஒருவர் அந்த எண்ணைச் சிவப்பு மையால் சுழித்து, "புத்தகத்துல 340 இருக்கே சார், பிள்ளைக்குச் சோதனை சொல்லித் தரலையா?" என்று கேட்டார். வெப்பநிலையைப் பற்றி நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. பக்கத்தில் நின்ற பையன் முகம் சிறுத்துப் போயிற்று. அதோடு முடிந்திருந்தால் இதை எழுத வேண்டியதில்லை. அடுத்த ஆண்டிலிருந்து நானே, "340-க்குப் பக்கத்துல வர்ற மாதிரி பார்த்துக்கங்கப்பா" என்று சொல்லத் தொடங்கிவிட்டேன். இரண்டு மூன்று ஆண்டுகள் அப்படித்தான் ஓடியது. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. பிள்ளைகளுக்கு மதிப்பெண் குறையக் கூடாது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒருநாள் வேறொரு மாணவன் கேட்டான்: "சார், விடை முன்னாடியே தெரியும்னா, எதுக்கு சார் தண்ணி ஊத்தணும்?" அதன்பிறகுதான் சுவரில் ஒரு வெப்பமானியை மாட்டி, அட்டவணையில் வெப்பநிலைக்கு ஒரு பத்தி போடச் சொன்னேன்.

அந்தப் பத்தியும் முழுத் தீர்வு அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சுவர் வெப்பமானி அறையின் சூட்டைக் காட்டுகிறது. குழாய்க்குள் நீரை ஒட்டி நிற்கும் காற்று அதைவிடச் சற்றுக் குளிர்ந்தும் ஈரமாகவும் இருக்கும். நீராவி கலந்த காற்றில் ஒலி கொஞ்சம் விரைவாகச் செல்லும். குறுகிய குழாயின் சுவரோ உராய்வாலும் வெப்பத்தை உறிஞ்சுவதாலும் அதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். மேலே சொன்ன அளவுள்ள குழாயில் இவ்விரண்டும் தனித்தனியே அரை சதவீதம் அளவில் இருந்து, பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. அதனால்தான் பள்ளிச் சூத்திரம் இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது.

கணினி வந்த பிறகு

இசைக்கவை முறையில் அதிர்வெண் நிலையானது, நீளத்தை மாற்றுகிறோம். கணினி முறையில் இது தலைகீழ். நீளத்தை நிறுத்திவிட்டு அதிர்வெண்ணை மாற்றுகிறோம். குழாயின் வாயருகே சிறிய ஒலிபெருக்கி, உள்ளே சிறிய மைக். கணினி 100 ஹெர்ட்சில் தொடங்கி இரண்டிரண்டு ஹெர்ட்சாக ஏற்றிக்கொண்டே போகும். ஒவ்வொரு படியிலும் ஒலி நிலைபெறச் சற்றுப் பொறுத்து மைக்கின் வீச்சைப் பதியும். 1300 ஹெர்ட்ஸ் வரை போக இரண்டு மூன்று நிமிடம். திரையில் மலைத்தொடர் போல ஒரு வரைபடம் எழும்.

இந்த வசதியை இந்தியக் கல்லூரிகளும் பள்ளிகளும் வாங்கக்கூடிய விலைக்குக் கொண்டுவந்த முயற்சிகளில் முக்கியமானது புதுதில்லி பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான முடுக்கி மையம் 2004-இல் தொடங்கிய ஃபீனிக்ஸ் திட்டம். அணுக்கரு ஆய்வுக்காகப் பெரிய முடுக்கியை இயக்கும் நிறுவனம் அது. அங்கே கருவிகளை அமைத்துவந்த அஜித் குமார் முன்னின்று இதை நடத்தினார். அடுத்த பத்தாண்டுக்குள் இத்திட்டத்திலிருந்து எக்ஸ்ப்ஐஸ் என்ற உள்ளங்கை அளவுக் கருவி வந்தது. இளம் பொறியாளர்களுக்கும் அறிவியலாளர்களுக்கும் உரிய சோதனைகள் என்பது அந்தப் பெயரின் விரிவு. யுஎஸ்பி வழியே கணினியில் செருகினால் மின்சாரமும் அதிலிருந்தே கிடைக்கும். அலையை உருவாக்கவும், மின்னழுத்தத்தை அளக்கவும், நேரத்தை நுட்பமாகக் குறிக்கவும் அதனால் முடியும். பைத்தான் மொழியில் நாலு வரி எழுதத் தெரிந்த மாணவர் தன் சோதனையைத் தானே அமைத்துக்கொள்ளலாம். மென்பொருள் கட்டற்றது, சுற்றின் வரைபடமும் மறைக்கப்படவில்லை. ஆய்வகக் கருவி என்றால் பூட்டிய பீரோவுக்குள் இருக்கும் பொருள் என்று பழகிய எங்களுக்கு அதுவே பெரிய மாற்றம்.

கருவி இல்லாவிட்டாலும் பிளம்பிங் கடையில் வாங்கிய பிவிசி குழாயும், பழைய மடிக்கணினியின் ஒலி வாயிலும், ஆடாசிட்டி போன்ற கட்டற்ற மென்பொருளும் கொண்டு இந்தச் சோதனையின் எளிய வடிவத்தைச் செய்யலாம். ஓய்வு பெற்றபின் நான் வீட்டில் செய்வது அப்படித்தான். தெருவில் மினிபஸ் போகும்போது மட்டும் கொஞ்சம் நிறுத்த வேண்டும்.

அரை மீட்டர் நீளமும் 3 சென்டிமீட்டர் விட்டமும் கொண்ட, ஒருமுனை மூடிய குழாயை எடுத்துக்கொள்வோம். முனைத்திருத்தம் சேர்த்து 50.9 சென்டிமீட்டர். 34 டிகிரியில் ஒத்ததிர்வுகள் 172, 517, 862, 1207 ஹெர்ட்ஸ் பக்கத்தில் வரவேண்டும். ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு என ஒற்றைப்படை மடங்குகள் மட்டுமே. பாடநூலில் ஒரு வரியாகப் படித்தது இங்கே படமாகத் தெரிகிறது. நடுவே 345-இலோ 690-இலோ உச்சி கிடையாது. குழாயின் மூடியைக் கழற்றிவிட்டு மறுபடி ஓட்டினால் இரட்டைப்படை மடங்குகளும் வந்துவிடும். இதற்குமேல் நான் விளக்கம் சொல்லத் தேவையில்லாமல் போன வகுப்புகள் உண்டு.

இசைக்கவையால் காட்ட முடியாத இன்னொன்றும் இதில் தெரிகிறது. மூடிய முனையில் கணு என்று சொல்லிக்கொடுக்கிறோம்; அங்கே காற்று அசையாது. சரி, மைக்கை அங்கே வைத்தால் ஒலி குறைவாகத்தானே காட்ட வேண்டும்? காட்டுவதில்லை, அங்கேதான் அதிகம் காட்டுகிறது. காரணம், மைக் அளப்பது காற்றின் அசைவை அல்ல, அழுத்தத்தை. அசைவு இல்லாத இடத்தில்தான் அழுத்த மாறுபாடு உச்சத்தில் இருக்கும். ஒரு கம்பியின் நுனியில் மைக்கைக் கட்டிக் குழாய்க்குள் மெதுவாக நகர்த்தினால் இது விளங்கிவிடும். என் பணிக்காலம் முழுவதும் கணுவைப் பற்றிப் பேசிய எனக்கே இது சரியாகப் பிடிபட்டது இந்தக் குழாயில்தான்.

கணினி வந்துவிட்டால் தவறே வராது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. ஒலிபெருக்கிக்கும் தனக்கென்று ஏற்ற இறக்கம் உண்டு. மலிவான ஒலிபெருக்கியின் சொந்த உச்சியைக் குழாயின் ஒத்ததிர்வு என்று எடுத்துக்கொண்டு குழம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். முதலில் குழாய் இல்லாமல் ஒருமுறை ஓட்டி அதன் வரைபடத்தை வைத்துக்கொள்ள வேண்டும். படிகளை வேகமாக ஏற்றினாலும் உச்சி இடம் நகரும். வெப்பநிலையைக் கணினி தானாக அறியாது. அதற்கு ஓர் உணரியோ, பழைய வெப்பமானியோ தேவைதான். ஒலிபெருக்கியை வாயில் அடைத்து வைத்தால் முனைத்திருத்தமே மாறிவிடும், சற்று விலக்கி வைக்க வேண்டும்.

திரையில் வந்த வரைபடம் அறுநூறு புள்ளிகள் கொண்டது. 340 வேண்டும் என்பதற்காக 517-இல் நிற்கும் உச்சியை 501-க்கு நகர்த்த வேண்டுமானால் அத்தனை புள்ளிகளையும் உட்கார்ந்து மாற்ற வேண்டும். மனம் வைத்தால் அதையும் செய்யலாம். ஆனால் ஒரு பேனாக் கீற்றில் முடியாது. கூடவே அந்தக் கோப்பை அடுத்த மேசைப் பிள்ளைகளுடைய கோப்போடு வைத்துப் பார்க்கலாம். ஒரே அறையில் ஒரே பிற்பகலில் எடுத்த எல்லா வரைபடங்களும் 351 என்று சொன்னால், புத்தகத்தில் உள்ள எண்ணைப் பற்றிக் கேள்வி எழும். அந்தக் கேள்விக்கு விடை சொல்வது எளிது. அந்த எண் தவறல்ல, அது வேறொரு குளிர்ந்த ஊரின் எண். ஏறக்குறைய 15 டிகிரியில் ஒலியின் வேகம் 340. ஐரோப்பிய ஆய்வகத்தின் வெப்பநிலைக்குப் பொருந்திய எண் நம் நூல்களில் வெப்பநிலை இல்லாமல் தனியே வந்து உட்கார்ந்துகொண்டது.

நம் மாவட்டத்திலேயே அந்த எண் கிடைக்கும் இடமும் இருக்கிறது. கொடைக்கானல் மலையில் காற்றழுத்தம் சமவெளியைவிடக் குறைவு என்றாலும், அழுத்தமும் அடர்த்தியும் சேர்ந்தே குறைவதால் ஒலியின் வேகத்தை அது மாற்றாது. வெப்பநிலை மட்டுமே மாற்றும். ஆகவே காலையில் திண்டுக்கல்லில் ஓட்டிப் பார்த்த அதே அரை மீட்டர் குழாயை மதியப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போய், 15 டிகிரி உள்ள ஒரு மாலையில் கொடைக்கானலில் மறுபடி ஓட்டினால், 172-இல் இருந்த முதல் உச்சி 167-க்கு இறங்கும். 1207-இல் இருந்த நான்காம் உச்சி 1170 ஹெர்ட்சுக்கு இறங்கும். குழாய் அதேதான், மைக்கும் மடிக்கணினியும் அவைதான். அட்டவணையில் வெப்பநிலைப் பத்தியில் மட்டும் வேறு எண் இருக்கும்.